பேரனின் சளியும் பாட்டியின் நுரையீரலும்

ப்ளே ஸ்கூலில் குழந்தையைச் சேர்க்கும்போதே ஒரு தாள் கொடுத்துவிடுகிறார்கள். காய்ச்சல், சளி, வயிற்றுப்போக்கு, உடம்பில் கொப்புளம், கண் சிவப்பு, இதில் எது இருந்தாலும் அன்றைக்குப் பிள்ளையை அனுப்ப வேண்டாம் என்று அதில் இருக்கும். நியாயமான விதிதான், மற்றப் பிள்ளைகளுக்குத் தொற்றிவிடக் கூடாதே. ஆனால் பள்ளி வேண்டாம் என்று சொன்ன குழந்தை அன்று எங்கே போகிறது? அப்பாவுக்கு ஆபீஸில் ஆடிட். அம்மாவுக்கு லீவு தீர்ந்துவிட்டது. “அத்தை, பாப்பாவுக்கு லேசா உடம்பு சுடுது, இன்னிக்கு ஒரு நாள் பாத்துக்குறீங்களா?” என்று மருமகள் தயங்கிக் கேட்கிறார். “இதையெல்லாம் கேக்கணுமாம்மா, விட்டுட்டுப் போ” என்கிறார் மாமியார்.

நன்றாக இருக்கும் நாளெல்லாம் பள்ளியில் இருக்கும் பிள்ளை, கிருமியை அதிகம் பரப்பும் நாட்களில் மட்டும் வீட்டில் வயதில் மூத்தவரின் மடிக்கு வந்து சேர்கிறது. அந்த மூத்தவருக்குப் பெரும்பாலும் சர்க்கரை இருக்கும், பிரஷர் இருக்கும், சிலருக்கு இளைப்பும் இருக்கும். இந்த ஏற்பாட்டை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. அதுவாகவே அப்படி அமைந்துவிட்டது. இந்தக் கட்டுரை அந்தப் பாட்டிக்கும் தாத்தாவுக்கும் எழுதியது. அவர்களிடம் குழந்தையை விட்டுச் செல்பவர்கள் படித்தால் இன்னும் நல்லது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடலாம். பேரப்பிள்ளைகளை எட்ட வைத்துப் பாருங்கள் என்ற அறிவுரையை யாரும் கேட்கப்போவதில்லை. கேட்கவும் வேண்டியதில்லை. ஜெர்மனியின் பெர்லின் நகரில் 70 வயதைத் தாண்டிய 500-க்கும் மேற்பட்டோரைப் பல ஆண்டுகள் கவனித்த ஓர் ஆய்வு 2017-ல் வெளியானது. பேரப்பிள்ளைகளை அவ்வப்போது பார்த்துக்கொண்ட முதியவர்கள், அப்படிப் பார்த்துக்கொள்ளாதவர்களைவிட அதிக நாள் வாழ்ந்திருந்தார்கள். உடம்பில் தெம்பு இருப்பவர்தானே குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒப்புவார் என்று ஒருவர் கேட்கலாம். கேள்வி சரிதான். ஆனாலும் பேரனோடு பேசிக்கொண்டும் ஓடிக்கொண்டும் இருப்பது முதுமைக்குக் கெடுதல் என்று எந்த மருத்துவரும் சொல்ல மாட்டார். ஆகவே குழந்தையை விலக்கப் பார்க்காமல், கிருமி வரும் வழிகளை மட்டும் அடைக்கப் பார்ப்போம்.

குழந்தைக்கு ஏன் ஓயாமல் சளி?

வளர்ந்த ஒருவருக்கு ஆண்டுக்கு இரண்டு, மூன்று முறை சளி பிடிக்கலாம். பள்ளிக்குப் போகாத வயதுக் குழந்தைக்கு ஆறு முதல் எட்டு முறை பிடிப்பது சாதாரணம். ப்ளே ஸ்கூல் சேர்ந்த முதல் ஆண்டில் பத்தைத் தாண்டினாலும் மருத்துவர்கள் ஆச்சரியப்படுவதில்லை. ஒவ்வொரு சளியும் ஒரு வாரம், பத்து நாள் நீடிக்கும். மழைக்காலத்தில் இவையெல்லாம் அடுத்தடுத்து வருவதால், பிள்ளைக்கு மூக்கு ஒழுகாத நாளே இல்லை என்று தோன்றும். “எதிர்ப்பு சக்தியே இல்லை போலிருக்கு” என்று கவலைப்படுவதற்கு இதில் பெரும்பாலும் ஒன்றும் இல்லை. சளிக்குக் காரணமான ரைனோ வைரஸில் மட்டுமே நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. குழந்தையின் உடம்பு அவற்றை ஒவ்வொன்றாக முதல்முறை சந்தித்துப் பழகிக்கொண்டிருக்கிறது.

முதல்முறை சந்திப்பதால்தான் அந்தச் சின்ன மூக்கில் வைரஸ் அதிகமாகப் பெருகுகிறது, அதிக நாள் தங்கவும் செய்கிறது. ஃப்ளூவை எடுத்துக்கொள்ளுங்கள். பெரியவர் ஒருவர் காய்ச்சல் தொடங்குவதற்கு ஒரு நாள் முன்பிருந்து, தொடங்கிய பின் ஐந்து முதல் ஏழு நாட்கள் வரை வைரஸைப் பரப்புவார். சின்னக் குழந்தை பத்து நாள், அதற்கு மேலும் பரப்பும். காய்ச்சல் விட்டு, பிள்ளை துள்ளிக் குதித்து ஓடும்போதும் மூக்கில் வைரஸ் இருக்கலாம். இதோடு, மூன்று வயதுப் பிள்ளை முழங்கையை மடக்கித் தும்மாது. உங்கள் முகத்தில்தான் தும்மும்.

அதே கிருமி தாத்தாவின் உடம்புக்குள் போனால் கதை மாறுகிறது. புதுக் கிருமிகளை எதிர்க்கும் அணுக்களைப் பயிற்றுவிக்கும் தைமஸ் சுரப்பி, வயது ஏற ஏறச் சுருங்கிக்கொண்டே வருகிறது. மூச்சுக்குழாயில் சளியை மேலே தள்ளும் நுண்ணிய முடிகள் மந்தமாகின்றன. இருமலில் முன்பிருந்த வேகம் இல்லை. சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் வெள்ளணுக்களின் வேலையும் கெடுகிறது. ஆர்.எஸ்.வி. என்று மருத்துவர்கள் சுருக்கமாகச் சொல்லும் வைரஸ் இதற்கு நல்ல உதாரணம். ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளுக்கும் இரண்டு வயதுக்குள் அது ஒருமுறை வந்துவிடும். ஒருமுறை வந்தால் மறுபடி வராது என்றும் இல்லை, வாழ்நாள் முழுக்கத் திரும்பத் திரும்ப வரும். நான்கு வயதுப் பேத்திக்கு அது வெறும் மூக்கொழுகல். பல ஆண்டு புகைபிடித்த, மூச்சிரைப்பு உள்ள தாத்தாவுக்கு அதுவே நிமோனியாவாகி ஆக்சிஜன் வைக்கும் நிலைக்குக் கொண்டுபோகலாம்.

நுரையீரலோடு மட்டும் இது நிற்பதில்லை. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் நடந்து 2018-ல் வெளியான ஆய்வு ஒன்றில், ஃப்ளூ என்று பரிசோதனையில் உறுதியான பிறகான முதல் ஏழு நாட்களில் மாரடைப்பு வரும் வாய்ப்பு, சாதாரண நாட்களைவிட ஏறக்குறைய ஆறு மடங்காக இருந்தது. ஸ்டென்ட் வைத்தவர்களும் பைபாஸ் செய்தவர்களும் “வெறும் சளிதானே” என்று சொல்லும் முன் இதை நினைத்துக்கொள்வது நல்லது.

எப்படித் தொற்றுகிறது, எங்கே தடுக்கலாம்

கிருமி மூன்று வழிகளில் வருகிறது. மூச்சு, இருமல், தும்மல் வழியாகக் காற்றில் வருவது ஒன்று. கையிலிருந்து நம் கண்ணுக்கும் மூக்குக்கும் வாய்க்கும் போவது இன்னொன்று. குழந்தையின் மலத்திலிருந்து வருவது மூன்றாவது. நம் வீடுகளில் இவை மூன்றும் எங்கே நடக்கின்றன என்று பார்த்தால், எதை மாற்ற வேண்டும் என்பது தானாகத் தெரியும்.

தூங்கும் இடத்தில் தொடங்கலாம். பல வீடுகளில் பேரன் பாட்டியோடுதான் தூங்குவான். ஏசி போட்ட அறை, கொசுவுக்காக அடைத்த ஜன்னல், எட்டு மணி நேரம், முகத்துக்கு நேர் முகம். நம் வீடுகளில் இருக்கும் ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறையில் இருக்கும் காற்றையே குளிர்வித்துச் சுற்றிவிடுகிறது. குழந்தை இருமிய காற்றைத்தான் இரவெல்லாம் பாட்டி சுவாசிக்கிறார். என்னைக் கேட்டால், நோய் இருக்கும் நாட்களில் ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய முடியும் என்றால் அது இதுவாக இருக்கட்டும்: பிள்ளை அந்த நாலைந்து இரவுகள் அப்பா அம்மாவோடு தூங்கட்டும். அழுவான், முதல் இரவு நிச்சயம் அழுவான். வேறு வழியே இல்லையென்றால் தனிப் பாய் போட்டு, தலைமாடு எதிரெதிராக இருக்கும்படி படுத்து, வலை அடித்த ஜன்னலைத் திறந்து, ஃபேனைப் போடுங்கள்.

பகலிலும் இப்படித்தான். சளிப் பிள்ளையை ஹாலில் டிவி முன் உட்கார வைப்பதைவிடத் திண்ணை, பால்கனி, மொட்டை மாடி, தெருமுனைப் பூங்கா நல்லது. “பனிக்காத்து பட்டா சளி பிடிக்கும்” என்று ஜன்னலை அடைப்பது நம் வழக்கம். சளி வைரஸால் வருகிறது. அடைத்த அறையில்தான் அந்த வைரஸ் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு எளிதாகப் போகிறது.

அடுத்தது சாப்பாடு. குழந்தை மிச்சம் வைத்த அரை இட்லியைக் குப்பையில் போட எந்தப் பாட்டிக்கும் மனசு வராது. வீணாக்கக் கூடாது என்று தானே சாப்பிட்டுவிடுவார். சளி, வயிற்றுப்போக்கு இருக்கும் நாட்களில் அந்த எச்சில் வேண்டாம். முதலிலேயே கொஞ்சமாக எடுத்து வைத்து, கேட்டால் மறுபடி வைத்தால் மிச்சமே வராது. ஊட்டிய ஸ்பூனை நாக்கில் வைத்துச் சூடு பார்ப்பதும், ஒரே டம்ளரில் தண்ணீர் குடிப்பதும் இதே வகை. இதைவிடக் கஷ்டமான நிலைமை ஒன்று உண்டு: பாதி கடித்த பிஸ்கட்டைப் பிள்ளையே ஆசையாக உங்கள் வாயில் திணிக்கும். வேண்டாம் என்றால் முகம் சுருங்கிவிடும். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, மென்று முழுங்குவது போல் பாவனை காட்டுங்கள். பிள்ளைகள் அந்த விளையாட்டை அதைவிட ரசிக்கிறார்கள்.

முத்தம்? கன்னத்திலும் வாயிலும் முத்தம் கொடுப்பதைச் சில நாட்களுக்கு ஒத்திவைக்கலாம். உச்சி முகர்வது நம் பழைய வழக்கம். மூக்கும் வாயும் இல்லாத பக்கம் அது. முதுகில் சாய்த்துத் தூக்குவது, பக்கத்தில் உட்கார்ந்து ஒரே திசையைப் பார்த்தபடி படக்கதை படிப்பது, இவையெல்லாம் முகத்துக்கு நேர் முகம் வைத்துக் கொஞ்சுவதைவிடப் பாதுகாப்பானவை.

கை கழுவுவதைப் பற்றி கொரோனா காலத்தில் எல்லோரும் சொல்லிக் கேட்டு அலுத்திருப்பீர்கள். ஆகவே எப்போது என்பதை மட்டும் சொல்கிறேன்: மூக்கைத் துடைத்துவிட்ட பின், டயப்பர் மாற்றிய பின், கால் கழுவிவிட்ட பின், நீங்கள் சாப்பிடும் முன், மாத்திரை போடும் முன், கண்ணுக்குச் சொட்டு மருந்து விடும் முன். சோப்பு போட்டு 20 விநாடி. மூக்கைத் துடைக்க முந்தானையையும் தோள் துண்டையும் பயன்படுத்துவதை நிறுத்துங்கள். அதே முந்தானையால்தான் அடுத்த நிமிடம் நம் முகத்தையும் துடைக்கிறோம். டிஷ்யூ இல்லையென்றால் பழைய பருத்தி வேட்டியைச் சின்னச் சின்னத் துண்டாகக் கிழித்து வைத்துக்கொண்டு, ஒருமுறை துடைத்ததும் தனி வாளியில் போட்டு, சாயங்காலம் சோப்பு நீரில் துவைத்து வெயிலில் காயப்போடலாம்.

மாஸ்க் குழந்தைக்கு வேண்டாம். இரண்டு வயதுக்குள் போடவே கூடாது, அதற்கு மேலும் நோயில் இருக்கும் பிள்ளை கழற்றி எறிந்துவிடும். நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். அலமாரியில் கிடக்கும் என்-95 முகத்தில் சரியாகப் பொருந்தினால், சளிப் பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொடுக்கும் அந்த அரை மணி நேரத்துக்கு நல்ல காவல்.

வயிற்றுப்போக்கு, கொப்புளம், கண் வலி

வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ரோட்டா வைரஸும் நோரோ வைரஸும் மிகக் குறைந்த அளவே போதும், தொற்றிவிடும். நோரோ வைரஸ், நோய் தீர்ந்த பிறகும் இரண்டு வாரம், சில சமயம் அதற்கு மேலும் மலத்தில் வரும். இங்கே ஒரு முக்கியமான விஷயம்: கொரோனாவுக்குக் கைகொடுத்த சானிட்டைசர் நோரோ வைரஸிடம் சரியாக எடுபடாது. சோப்பும் ஓடும் தண்ணீரும்தான் வேண்டும். வாந்தியைத் துடைத்த தரையை பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரால் துடைக்க வேண்டும், வெறும் வாசனை பினாயில் போதாது. ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து தமிழ்நாட்டில் அரசுத் திட்டத்தில் 2017 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. பேரனுக்குப் போட்டாயிற்றா என்று தடுப்பூசி அட்டையைப் பார்த்துவிடுங்கள்.

கை, கால், வாயில் கொப்புளம் வரும் நோயை 2022-ல் ‘தக்காளிக் காய்ச்சல்’ என்று செய்திகள் பெரிதாக்கின. பெரியவர்களுக்கு அது பெரும்பாலும் வருவதில்லை, வந்தாலும் லேசாகப் போய்விடும். டயப்பர் மாற்றியபின் கை கழுவ மறக்காதீர்கள். மெட்ராஸ் ஐ, கண்ணைப் பார்த்தால் ஒட்டாது. துண்டு, தலையணை, கை வழியாக ஒட்டும். சமீபத்தில் கண்புரை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் மட்டும் அந்த ஒரு வாரம் பேரனைப் பக்கத்து அறையில் வைத்தே கொஞ்சலாம்.

கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது சின்னம்மை. குளிர்நாடுகளில் ஏறக்குறைய எல்லோருக்கும் சிறுவயதிலேயே அது வந்துவிடும். வெப்பநாடுகளில் அப்படி இல்லை. வராமலே வளர்ந்து முதுமையை எட்டியவர்கள் நம்மிடையே உண்டு. குழந்தைக்கு அரிப்பும் காய்ச்சலுமாகப் போய்விடும் அம்மை, வயதானவருக்கு முதல்முறை வந்தால் நிமோனியா வரை போகலாம். கொப்புளம் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே தொற்றத் தொடங்கி, எல்லாக் கொப்புளங்களும் பொருக்குத் தட்டும் வரை தொற்றும். வாசலில் வேப்பிலை செருகி, வெளியாட்களை உள்ளே விடாமல், நோயாளியைத் தனியே படுக்க வைக்கும் நம் வழக்கத்தில் மருத்துவரீதியாக எந்தக் குறையும் இல்லை. குறை இரண்டு இடத்தில் வருகிறது. ஒன்று, பணிவிடைக்குப் பாட்டியை வைப்பது. அவருக்கு முன்பு அம்மை வந்திருந்தால் சரி. வரவில்லை அல்லது நினைவில்லை என்றால் வேறு யாராவது பார்க்கட்டும். இரண்டு, ‘அம்மா இறங்கியிருக்கா’ என்று மருத்துவரிடம் போகாமல் இருப்பது. பெரியவருக்கு அம்மை கண்டால் முதல் நாளே மருந்து தொடங்க வேண்டும். வேப்பிலையும் இருக்கட்டும், மாத்திரையும் இருக்கட்டும்.

அக்கியைப் பற்றி ஒரு குழப்பம் உண்டு. பேரனின் அம்மையிலிருந்து தாத்தாவுக்கு அக்கி தொற்றாது. எப்போதோ வந்துபோன அம்மையின் வைரஸ் நரம்புக்குள் பல ஆண்டுகள் உறங்கிக் கிடந்து, எதிர்ப்பு குறையும்போது விழிப்பதுதான் அக்கி. மறுபக்கம் நடக்கும்: தாத்தாவின் அக்கிக் கொப்புள நீர் பட்டால், அம்மை வராத, ஊசியும் போடாத குழந்தைக்குச் சின்னம்மை வரும். அக்கி எழுதக் காவி பூசிக்கொண்டு பேரனை மடியில் வைத்துக்கொள்ளும் தாத்தாக்கள் கவனிக்க. 50 வயதைக் கடந்தவர்களுக்கான அக்கித் தடுப்பூசி 2023 முதல் இந்தியாவில் கிடைக்கிறது. இரண்டு தவணை, விலை அதிகம். அக்கி ஆறிய பிறகும் மாதக்கணக்கில் நீடிக்கும் நரம்பு வலியைப் பார்த்தவர்கள் அந்த விலையை யோசிக்க மாட்டார்கள்.

ஊசி யாருக்கு?

தாத்தா பாட்டியைக் காப்பாற்றும் ஊசி சில சமயம் பேரனின் கையில் போடும் ஊசிதான். ஜப்பானில் 1962 முதல் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஃப்ளூ தடுப்பூசி போட்டார்கள். 1987-ல் பெற்றோர் விருப்பப்படி என்று தளர்த்தி, 1994-ல் அத்திட்டத்தையே நிறுத்தினார்கள். பல ஆண்டுகளின் மரணக் கணக்குகளை எடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2001-ல் வெளியானது. பிள்ளைகளுக்கு ஊசி போட்ட காலத்தில் ஆண்டுக்கு 37,000 முதல் 49,000 மரணங்கள், பெரும்பாலும் முதியவர்களின் மரணங்கள், தவிர்க்கப்பட்டிருக்கலாம் என்று அது மதிப்பிட்டது. ஊசி நின்றதும் மரணங்கள் மறுபடி ஏறின. இந்தக் கணக்கை மறுத்துப் பேசியவர்களும் உண்டு. ஆனால் நிமோனியாவை உண்டாக்கும் நியூமோகாக்கஸ் பாக்டீரியா விஷயத்தில் அப்படிப்பட்ட சந்தேகத்துக்கு இடமில்லை. அந்தப் பாக்டீரியா வழக்கமாகக் குடியிருப்பது சின்னப் பிள்ளைகளின் மூக்குக்குள். அமெரிக்காவில் 2000-ல் குழந்தைகளுக்கு அதற்கான ஊசி தொடங்கியதும், அந்த ஊசியைப் போட்டுக்கொள்ளாத, 65 வயதைக் கடந்தவர்களிடமும் அதே வகைக் கிருமியால் வரும் கடும் நோய் வெகுவாகக் குறைந்தது.

தமிழ்நாட்டில் அந்த ஊசி 2021 முதல் அரசுத் திட்டத்தில் இலவசம்: ஆறாவது வாரம், பதினான்காவது வாரம், ஒன்பதாவது மாதம். ஃப்ளூ ஊசி அந்தத் திட்டத்தில் இல்லை. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை ஆண்டுதோறும் போடலாம் என்று இந்தியக் குழந்தைநல மருத்துவர்கள் சங்கம் பரிந்துரைக்கிறது. காசு கொடுத்துத்தான் போட வேண்டும்.

பெரியவர்கள் தங்களுக்குப் போட்டுக்கொள்ள வேண்டியவை இரண்டு. ஃப்ளூ ஊசி ஆண்டுக்கு ஒருமுறை, ஏனென்றால் வைரஸ் உருமாறிக்கொண்டே இருக்கிறது. வட இந்தியாவின் பெரும்பகுதியில் ஃப்ளூ உச்சம் தென்மேற்குப் பருவமழையோடு வரும். சென்னை, வேலூர்ப் பக்கம் அது அக்டோபர், நவம்பர் மழையோடு வருவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஊசி வேலை செய்ய இரண்டு வாரம் ஆகும். ஆகவே செப்டம்பருக்குள் போட்டுவிடுவது நம் ஊர்க் கணக்கு. அந்த ஊசி போட்டால் ஃப்ளூ வரவே வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முதியவர்களிடம் அதன் பலன் இளையவர்களைவிடக் குறைவு. ஆனால் வந்தாலும் மருத்துவமனை வரை போகாமல் தடுப்பதில்தான் அதன் மதிப்பு. இரண்டாவது, நிமோனியா ஊசி. அதில் சில வகைகள் உண்டு. எது, எத்தனை தவணை என்பதை உங்கள் சர்க்கரை மருத்துவரிடமோ குடும்ப மருத்துவரிடமோ கேளுங்கள். அவர் தானாகச் சொல்வார் என்று காத்திருக்காதீர்கள். கூட்டமான கிளினிக்கில் பிரஷர் பார்த்து மாத்திரை எழுதுவதோடு நேரம் முடிந்துவிடுகிறது.

மகளின் பிரசவத்துக்கு அமெரிக்கா போகும் பெற்றோருக்குத் தனியாக ஒரு வார்த்தை. இங்கே வெயிலில் வாழ்ந்தவர்கள், அங்கே அடைத்த வீட்டில், டே கேர் போகும் மூத்த பேரனோடு ஒரு குளிர்காலத்தைக் கழிக்கப் போகிறீர்கள். ஃப்ளூவும் ஆர்.எஸ்.வி.யும் அங்கே அக்டோபரிலிருந்து மார்ச் வரை. கிளம்புவதற்கு இரண்டு, மூன்று வாரம் முன்பே ஃப்ளூ, நிமோனியா ஊசிகளைப் போட்டுக்கொள்ளுங்கள். கக்குவான் இருமலையும் தடுக்கும் டிடாப் ஊசியை அங்கேயுள்ள குழந்தை மருத்துவர்கள் பலர் தாத்தா பாட்டிக்குக் கேட்கிறார்கள். பயணக் காப்பீட்டில் முன்பே இருக்கும் நோய்களுக்குப் பணம் தருவார்களா என்று படித்துப் பாருங்கள். அங்கே நிமோனியாவுக்கு நான்கு நாள் மருத்துவமனையில் படுத்தால் வரும் பில்லைப் பார்த்தால் வேறு நோய் வந்துவிடும்.

அந்த டிடாப் ஊசியை ஏன் கேட்கிறார்கள் என்றால், நோய் மேலிருந்து கீழும் போகும். கக்குவான் இருமல் பெரியவருக்கு வாரக்கணக்கில் நீளும் வறட்டு இருமல்தான். பிறந்து இரண்டு மாதம் ஆகாத குழந்தைக்கு அது மூச்சையே நிறுத்தலாம். காசநோயும் அப்படித்தான். எப்போதோ நுரையீரலில் தங்கிய கிருமி, சர்க்கரையும் வயதும் கூடும்போது தாத்தாவிடம் மெல்லத் தலைதூக்கும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் பச்சிளங்குழந்தையைத் தூக்கும் முன் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அரசு மருத்துவமனையில் இலவசம்.

தொற்றிவிட்டால்

எவ்வளவு பார்த்தாலும் ஒருநாள் தொற்றத்தான் செய்யும். சுக்குக் கஷாயமும் தூதுவளை ரசமும் தொண்டைக்கு இதம், தாராளமாகக் குடியுங்கள். வைரஸை அவை கொல்லும் என்று மட்டும் நினைத்து மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடாதீர்கள். ஆவி பிடிக்கும்போது கொதிநீர்ப் பாத்திரம் கவிழ்ந்து வெந்துபோவது, சளியைவிடப் பெரிய ஆபத்து. குழந்தை ஓடும் வீட்டில் அது வேண்டாம். குழந்தையைக் குளிப்பாட்டியபின் காட்டும் சாம்பிராணிப் புகை, இளைப்பு உள்ளவர்களுக்கு ஆகாது.

மருந்துக் கடையில் “சளிக்கு ஒண்ணு கொடுங்க” என்று கேட்டு வாங்கும் மாத்திரைதான் எனக்கு இதில் பெரிய கவலை. அவற்றில் பல, மூன்று மருந்துகளின் கலவை. மூக்கடைப்புக்காகச் சேர்க்கும் ஃபீனைல்எஃப்ரின் ரத்த அழுத்தத்தை ஏற்றலாம். தும்மலுக்காகச் சேர்க்கும் குளோர்ஃபெனிரமின் முதியவருக்குத் தூக்கக் கலக்கம், தடுமாற்றம், இரவில் பாத்ரூம் போகும்போது விழுவது வரை கொண்டுவிடும். புராஸ்டேட் வீக்கம் உள்ள தாத்தாவுக்குச் சிறுநீரே அடைத்துக்கொள்ளலாம். வெறும் பாராசிட்டமால், உப்புநீர்க் கொப்பளிப்பு, நிறையத் தண்ணீர், ஓய்வு, இவை பெரும்பாலான சளிக்குப் போதும். ஆன்டிபயாடிக் வைரஸுக்கு உதவாது. போன முறை எழுதிக் கொடுத்த சீட்டைக் காட்டி வாங்காதீர்கள். சர்க்கரை உள்ளவர்கள் காய்ச்சல் நாட்களில் அடிக்கடி குளுக்கோமீட்டரில் பார்க்க வேண்டும், தொற்று சர்க்கரையை ஏற்றும். வயிற்றுப்போக்கில் நீர் வற்றும்போது சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள் சிலவற்றை ஓரிரு நாள் நிறுத்தச் சொல்வார்கள். எதை என்று போனில் மருத்துவரைக் கேட்டுவிட்டு நிறுத்துங்கள்.

வீட்டு இளையவர்களுக்கு ஒரு வேண்டுகோள். குழந்தைக்குக் காய்ச்சல் தொடங்கும் முதல் இரண்டு, மூன்று நாட்களின் லீவு உங்களுடையதாக இருக்கட்டும், அப்பாவும் அம்மாவும் மாறி மாறிப் போடுங்கள். பெரியவர்கள் தாங்களாக வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். சொன்னால் பேரனைப் பார்க்கக் கசக்கிறதா என்று யாராவது நினைத்துவிடுவார்களோ என்ற பயம் அவர்களுக்கு. பள்ளியில் எந்தப் பிள்ளைக்காவது ஃப்ளூ, அம்மை என்று வாட்ஸ்அப் குழுவில் வந்தால் அதை அவர்களிடமும் சொல்லுங்கள். கீமோ எடுப்பவர், டயாலிசிஸ் செய்பவர், ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர், உறுப்பு மாற்று செய்துகொண்டவர் வீட்டில் இருந்தால் இந்த லீவு விஷயத்தில் பேச்சுக்கே இடமில்லை.

கடைசியாக, முதியவர்களுக்குப் பெரிய தொற்று வந்தாலும் காய்ச்சல் அடிக்காமல் போகலாம். தெர்மாமீட்டரை மட்டும் நம்ப வேண்டாம். திடீரென்று குழம்பிப் பேசுவது, எழுந்திருக்க முடியாமல் கிடப்பது, சாப்பாட்டை ஒதுக்குவது, காரணமில்லாமல் விழுவது, சிறுநீர் குறைவது, பேசும்போதே மூச்சு வாங்குவது, நெஞ்சு வலி, ஆக்சிமீட்டரில் 94-க்குக் கீழே காட்டுவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று பார்க்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். வண்டி இல்லையென்றால் 108. ஃப்ளூவுக்கான மருந்து, அறிகுறி தொடங்கி 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் நன்றாகக் கேட்கும். அதனால் டாக்டரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்: “வீட்டில் பேரனுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல், நான்தான் பார்த்துக்கொண்டேன்.”